மண்வெட்டிக்குப் பிறகுதான் வண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு புதர். எத்தனை முறை வெட்டினாலும் தழைத்துக்கொண்டே இருக்கிறது. அல்லது மரத்தை வெட்டியாயிற்று, தூர் மட்டும் போகிற வருகிற காலையெல்லாம் இடறுகிறது. பக்கத்திலேயே பிக்கப் வண்டி நிற்கிறது. சங்கிலியை மாட்டி ஓர் இழுப்பு இழுத்தால் வந்துவிடாதா என்று தோன்றும். தோன்றாதவர்கள் குறைவு. வரவும் செய்யும். ஆனால் எப்படி இழுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிலம் திருத்தும் வேலையில் பல வருடங்கள் கழித்தவன் நான். வேலைக்கு வந்த புதிதில் நானும் என் அண்ணனும் ஒரு பழைய தூரைப் பிடுங்கப் போனோம். முழங்கால் உயரம்தான் இருக்கும். சங்கிலியைத் தூரில் சுற்றி, இரும்புக் கொக்கி வைத்த நைலான் பட்டையை அந்தச் சங்கிலியில் மாட்டினோம். மறுமுனை வண்டியின் பின்பக்கம். அண்ணன் மெதுவாக இழுத்துப் பார்த்தார். சக்கரம் சுழன்றது, மண் பறந்தது, தூர் அசையவில்லை. "கொஞ்சம் பின்னால் வந்து வேகமாகப் போறேன், தள்ளி நில்லுடா" என்றார். நான் தள்ளி நின்றேன். அவருக்குத் தள்ளி நிற்க இடம் ஏது? அவர்தானே ஓட்டுகிறார்.

பட்டை தரையில் தளர்ந்து கிடந்தது. வண்டி பாய்ந்தது. வெடி போட்டதுபோல ஒரு சத்தம். பிறகு கண்ணாடி உடையும் சத்தம். இரண்டுக்கும் நடுவே நான் எதையுமே பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். கொக்கி விரிந்து சங்கிலியை விட்டு நழுவி, பட்டையோடு பறந்துபோய், பின்கண்ணாடியை உடைத்து உள்ளே போயிருக்கிறது. அண்ணனுக்கு இடப்பக்கம், யாரும் உட்காராத இருக்கையின் முதுகில் குத்தி நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் பேசவில்லை. பத்து நிமிடம் முன்புவரை நான் அந்த இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தேன். விரிந்துபோன அந்தக் கொக்கி இன்னும் என்னிடம் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

என்ன நடந்தது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மெதுவாக ஓடுகிற ஆளின் வேகம், அவ்வளவுதான். அந்த வண்டிக்குள் இருக்கும் ஆற்றல், 50 கிலோ மூட்டையை 5 மாடி உயரத்திலிருந்து கீழே போட்டால் வருகிற ஆற்றலுக்குச் சமம். அந்த வண்டியைச் சங்கிலி 10 சென்டிமீட்டருக்குள் பிடித்து நிறுத்தினால், சங்கிலியில் விழும் இழுப்பு ஏறக்குறைய 8 டன். வேகம் 20 ஆனால் ஆற்றல் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. நைலான் பட்டையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது ரப்பர்போல நீண்டு, அத்தனை ஆற்றலையும் தனக்குள் வைத்துக்கொள்கிறது. எந்த முனை விட்டுப்போனாலும் மறுமுனையை நோக்கிப் பாயும். சங்கிலி அவ்வளவு நீளாது என்பதால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அறுந்தால் அதுவும் பறக்கும். அதனால்தான் சொல்கிறேன், சுண்டி இழுக்காதீர்கள். தளர்வு முழுவதும் போய், சங்கிலி விறைத்த பிறகுதான் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும், அதுவும் முதல் கியரில், வண்டி ஊர்கிற மாதிரி. நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற வண்டியானால் அதிலுள்ள மெதுவான கியர்.

"மெதுவாக இழுத்தால் சக்கரம்தானே சுழல்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காலிப் பிக்கப்பின் பின்சக்கரங்களில் பாரம் குறைவு. இளகிய மண்ணில் அதன் இழுப்பு சில நூறு கிலோவைத் தாண்டாது. சக்கரம் சுழல்கிறது என்றால் தூர் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட்டு இறங்கி மண்வெட்டியை எடுங்கள்.

பெரும்பாலான மரங்களுக்கு வேர்களில் அதிகம் மேல்மண்ணில்தான் இருக்கும், முதல் இரண்டு அடிக்குள். பக்கவாட்டில்தான் தூரமாகப் போகும். முந்தின நாள் சாயங்காலமே தூரைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். வண்டி நிற்கப்போகிற இடத்தில் ஊற்றிவிடாதீர்கள், அங்கே பிடிமானம் வேண்டும். மறுநாள் சுற்றிலும் பள்ளம் தோண்டி, கண்ணில் படுகிற வேரையெல்லாம் கோடாலியால் வெட்டுங்கள். வண்டிக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற வேர்களை முதலில் வெட்டுங்கள். இழுக்கும்போது தூரைப் பிடித்துவைத்திருப்பவை அவைதான். ஒரு மணி நேரம் கடப்பாரை பிடித்தால் வண்டிக்கு வேலை கொஞ்சம்தான் மிஞ்சும்.

மரத்தை வெட்டும்போதே தரையோடு வெட்டிவிடாமல் மார்பளவு விட்டுவைத்தால் இன்னும் நல்லது. மேலே கட்டி இழுக்கும்போது கடப்பாரையால் நெம்புகிற மாதிரி தூர் புரளும். ஆனால் அது வண்டிப் பக்கமாகத்தான் சாயும். சங்கிலி அந்தக் கட்டையைவிட நன்றாக நீளமாக இருக்க வேண்டும். புதருக்கு நேர்மாறு. தண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, தரையை ஒட்டிக் கட்டுங்கள். மேலே கட்டினால் கிளை முறிந்து கையோடு வரும், வேர் உள்ளேயே கிடக்கும்.

வண்டியில் எங்கே மாட்டுவது? சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், போல்ட் போட்டுப் பொருத்திய கொக்கியில் மட்டும். பம்பரில் வேண்டாம், பிய்ந்து வரும். டிரெய்லர் மாட்டுகிற இரும்புக் குண்டில் வேண்டவே வேண்டாம். சுண்டி இழுத்தால் அதன் கழுத்து முறிந்து, குண்டு பீரங்கிக் குண்டாகவே பறக்கும். சக்கர அச்சில் கட்டினால் பிரேக் குழாய் நசுங்கும். சங்கிலியை முடிச்சுப் போடாதீர்கள். இழுப்பதற்கு முன் சங்கிலியின் நடுவில் கனமான போர்வையையோ மணல் மூட்டையையோ போட்டு வையுங்கள். அறுந்தால் பாய்ச்சலைக் கொஞ்சம் அமுக்கும். சங்கிலியின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. 6 மீட்டர் சங்கிலிக்கு 9 மீட்டர். குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். வேடிக்கை பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், இருந்தாலும் அனுப்பிவிடுங்கள். விறைத்து நிற்கிற சங்கிலியைத் தாண்டிப் போகாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், சுண்டாதீர்கள்.

கப்பியை வைத்து இழுப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குவதைப் பற்றியும் பேச வைத்திருந்தேன். வானொலி நிலையத்தில் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆகவே அவசியமான ஒன்றை மட்டும். தோண்டுவதற்கு முன் அந்த இடத்துக்கு அடியில் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் போகிறதா என்று உரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேர் குழாயைச் சுற்றி வளர்ந்திருக்கும். தூரை இழுத்தால் குழாயும் சேர்ந்து வரும். தூர் வந்த பிறகு பள்ளத்தை அன்றைக்கே மூடிவிடுங்கள். ஒரேயடியாகக் கொட்டாமல், அரை அடிக்கு ஒருமுறை மிதித்து மிதித்து.

வணக்கம்.