அணுமின் வாதங்களில் ஒளிந்திருக்கும் ஓட்டைகள்

[காட்சி: கிழக்குக் கடற்கரைச் சாலை. தொலைவில் கல்பாக்கம் அணுமின் நிலையம்.]

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில் கல்பாக்கம். இவ்வளவு அருகில் இருந்தும், அணுமின்சாரம் என்று பேச்செடுத்தால் ஆதரிப்பவரும் சரி, எதிர்ப்பவரும் சரி, ஓட்டை வாதங்களையே அள்ளி வீசுகிறார்கள். சிலவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

"2004-இல் சுனாமியே வந்தது. கல்பாக்கத்துக்கு என்ன ஆயிற்று? அணு உலையால் ஆபத்தே கிடையாது."

[காட்சி: பம்பு அறை வரைபடம். நீர்மட்டம் ஏறுகிறது.]

அன்று இரண்டு உலைகளில் ஒன்று ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையின் கடல்நீர் பம்பு அறைக்குள் வெள்ளம் புகுந்தது. பணியில் இருந்தவர்கள் உலையை நிறுத்தினார்கள், குளிரூட்டல் தொடர்ந்தது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின, உலை தப்பியது. இவ்வளவும் உண்மை. ஆனால் ஓர் உலை ஒருமுறை தப்பியதை வைத்து எல்லா உலைகளும் எப்போதும் தப்பும் என்பது அவசர முடிவு. 2011-இல் ஃபுகுஷிமாவிலும் நிலநடுக்கம் வந்தவுடன் உலைகள் தாமாகவே நின்றன. நின்ற உலைக்குள்ளும் வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்க பம்பு ஓட வேண்டும். அலை புகுந்து, பம்புக்கு மின்சாரம் தர வேண்டிய டீசல் ஜெனரேட்டர்கள் முடங்கின. மூன்று உலைகள் உருகின. ஆகவே, "தப்பியது" என்று ஒருவர் சொன்னால் எதனால் தப்பியது என்று கேளுங்கள். அலை எவ்வளவு உயரம்? ஜெனரேட்டர் எந்த மட்டத்தில் இருந்தது?

எதிர்த்தரப்புக்கு வருவோம். "செர்னோபில் சோவியத் உலை, கூடங்குளமும் ரஷ்ய உலை, அதே கதிதான்." இது பொருந்தா ஒப்புமை. 1986-இல் வெடித்தது, நியூட்ரான் வேகத்தைக் குறைக்க கிராஃபைட் என்ற கரிப்பொருள் கொண்ட உலை. அதைச் சுற்றி, கதிரியக்கம் வெளியேறாமல் தடுக்கும் முழுமையான காப்புக் கட்டடமும் இல்லை. கூடங்குளத்தில் இருப்பது, கிராஃபைட்டுக்குப் பதில் உயர் அழுத்த நீர் கொண்ட நீரழுத்த உலை, மேலே கான்கிரீட் கவிகை. அதற்காக, ஒப்புமை தவறு என்றவுடன் கூடங்குளம் பாதுகாப்பானது என்று நிரூபணமாகிவிட்டதாகத் துள்ளவும் கூடாது. வாதம் பழுதானாலும் முடிவு சரியாக இருக்கலாம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

"அணு உலை வேண்டாமா? அப்படியானால் இருட்டில் கிடங்கள்." முப்பந்தல் காற்றாலைகளையும் வடசென்னை அனல்மின் நிலையத்தையும் மறைத்துவிட்டு, இரண்டே வழிதான் என்று சொல்லும் இருமுனை மிரட்டல்.

என்னை மிகவும் கோபப்படுத்துவது ஆளைத் தாக்குவது. கூடங்குளம் உலையை எதிர்த்து அருகிலுள்ள இடிந்தகரை மக்கள் போராடியபோது "வெளிநாட்டுப் பணம்" என்றார்கள். விஞ்ஞானி விளக்கினால் "அவர் அரசிடம் சம்பளம் வாங்குபவர்" என்கிறார்கள். இரண்டிலும் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது. உலையிலிருந்து வெளியேறும் வெந்நீரால் மீன்வளம் குறையுமா என்று மீனவர் கேட்டால், அந்த நீர் கடல்நீரைவிட எத்தனை டிகிரி சூடு, எவ்வளவு தூரம் பரவுகிறது என்ற அளவீட்டை அவர் முன் வையுங்கள். அளவீடு தவறென்றால் அவர் அதைக் காட்டட்டும்.