வாக்ஸ்ஹோல்ம் கோட்டைக்குப் போன சீமாட்டி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு ஆக்செல் வான் ஃபெர்சன் என்ற பெயர் நினைவிருக்கும். 1791 ஜூன் 20 இரவில் அரசி மரி அந்துவானெத்தையும் அவர் குடும்பத்தையும் பாரிசிலிருந்து வண்டியேற்றித் தப்பவைக்க முயன்ற ஸ்வீடன் நாட்டுப் பிரபு அவர். அவரைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. நான் இன்று பேச வந்திருப்பது அவருடைய தங்கை சோஃபியைப் பற்றி. பல வரலாறுகளில் அவர் அண்ணன் எழுதிய கடிதங்களைப் பெற்றுக்கொண்டவராக மட்டும் வந்து போகிறார். அந்தப் பெண்ணுக்கு அது அநியாயம்.

சோஃபி பிறந்தது 1757இல். தந்தையார் அன்றைய ஸ்வீடன் அரசியலில் பெரிய தலைவர். மன்னர் மூன்றாம் குஸ்தாவின் தம்பி, இளவரசர் ஃப்ரெட்ரிக் அடால்ஃப், சோஃபியை மணக்க ஆசைப்பட்டார். வீட்டார் இசையவில்லை. 1777இல் பீப்பர் குடும்பத்துப் பிரபு ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். அந்த வாழ்க்கையில் அவருக்கு மகிழ்ச்சி கிட்டவில்லை.

அவருக்கென்று ஓர் இடம் அமைந்தது அரண்மனையில்தான். மன்னரின் இன்னொரு தம்பியான கார்ல் கோமகனுக்கு 1774இல் ஜெர்மானியச் சிற்றரசு ஒன்றிலிருந்து மணப்பெண் வந்தார். பெயர் ஹெட்விக் எலிசபெத் சார்லட்டா, வயது 15. புதிய ஊர், அன்பு காட்டாத கணவர், ஆயிரம் சம்பிரதாயங்கள். அந்தச் சிறுமிக்குக் கிடைத்த உற்ற தோழி சோஃபி. 1775 முதல் கோமகள் சார்லட்டா பிரெஞ்சு மொழியில் எழுதிவந்த நாட்குறிப்புகள் சோஃபிக்கு எழுதும் கடிதங்களின் வடிவிலேயே இருக்கின்றன. பிற்காலத்தில் அவை ஸ்வீடிய மொழியில் ஒன்பது தொகுதிகளாக, 1902 தொடங்கி 1942 வரை வெளிவந்தன. அந்தக் காலத்து ஸ்வீடன் அரசவையைப் பற்றி எழுதும் எவரும் அவற்றைத் தாண்டிப் போக முடியாது. அவற்றின் முதல் வாசகியாக எண்ணப்பட்டவர் இந்தப் பெண்.

பிறகு அவர் கோமகளின் 'ஹோவ்மேஸ்டரின்னா' ஆனார். மற்ற அரசவைப் பெண்களை மேற்பார்வை செய்யும் மூத்த பொறுப்பு அது. ஸ்வீடன் அரசவையில் பெண்களுக்கென்றே படிநிலை இருந்தது. எல்லோருக்கும் மேலே 'ஓவர்ஹோவ்மேஸ்டரின்னா', அடுத்து ஹோவ்மேஸ்டரின்னா, அப்புறம் மணமான சீமாட்டிகள், கீழே மணமாகாத இளம்பெண்கள். யார் எப்போது அரச குடும்பத்துப் பெண்ணின் முன் நிற்கலாம், யாரை யார் அறிமுகம் செய்துவைப்பது, பயணத்தில் யார் உடன் வருவது என்பதெல்லாம் மூத்தவர்களின் கையில். 1778இல் குஸ்தாவ் மன்னர் அரசவைக்கென்று தேசிய உடை ஒன்றையே வகுத்துவிட்டார். உப்பிய வெள்ளைக் கையின் மேல் கறுப்பு நாடாக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்த உடையின் சாயல் இருபதாம் நூற்றாண்டு வரை அரசவைப் பெண்களிடம் இருந்தது.

இதைக் கேட்டால் வெறும் அலங்காரப் பதவி போலத் தோன்றும். அப்படி இல்லை, நண்பர்களே. 1789இல் மன்னர் தம் அதிகாரத்தைப் பெருக்கிக்கொள்ளும்போது எதிர்த்து நின்ற பிரபுக்களைக் கைது செய்தார். அவர்களில் சோஃபியின் தந்தையும் ஒருவர். அப்போது உயர்குடிப் பெண்கள் பலர் மன்னரின் அழைப்புகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். சபையில் வாக்கில்லாத பெண்கள் விருந்துக்கு வர மறுத்ததே அரசியலானது. எங்கே போய் நிற்கிறோம் என்பதே பேச்சாகிவிடும் உலகம் அது.

இனி 1810க்கு வருகிறேன். முந்தைய ஆண்டு ராணுவம், மூன்றாம் குஸ்தாவின் மகனான மன்னர் நான்காம் குஸ்தாவ் அடால்ஃபை அரியணையிலிருந்து இறக்கியது. கார்ல் கோமகன் பதின்மூன்றாம் கார்ல் மன்னரானார், சோஃபியின் தோழி அரசியானார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே டென்மார்க் வழியிலிருந்து ஓர் இளவரசரைப் பட்டத்துக்குத் தேர்ந்தெடுத்து கார்ல் ஆகஸ்ட் என்று பெயரிட்டார்கள். மக்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. 1810 மே 28 அன்று தெற்கே க்விடிங்கே என்னும் இடத்தில், படைப் பயிற்சியின்போது, குதிரையிலிருந்து விழுந்து அவர் இறந்தார். பக்கவாதம்தான் காரணம் என்று முடிவாயிற்று. ஊரோ நஞ்சு என்றது. பதவியிழந்த மன்னரின் மகனுக்கே பட்டம் சேரவேண்டும் என்று கருதியவர்களோடு ஃபெர்சன் குடும்பம் சேர்த்துப் பேசப்பட்டது. பத்திரிகைகள் பெயர் சொல்லாமல் கைகாட்டின. அண்ணனையும் தங்கையையும் சேர்த்தே சொன்னார்கள்.

தங்கையை ஏன் இழுத்தார்கள்? அரண்மனையின் உள்ளறை வரை போகக்கூடியவர் என்பதாலேயே அவர் மேல் பழி ஒட்டியது என்று நான் கருதுகிறேன். பதவி கொடுத்த நெருக்கமே சந்தேகத்துக்கும் வழி திறந்துவிட்டது.

ஜூன் 20 அன்று இளவரசரின் உடல் ஸ்டாக்ஹோமுக்குள் ஊர்வலமாக வந்தது. அரசவைத் தலைமை அதிகாரி என்ற முறையில் ஆக்செல் வண்டியில் முன்னே சென்றார். கல்லெறி தொடங்கியது. ஒரு வீட்டுக்குள் ஒதுங்கியவரை வெளியே இழுத்து, பட்டப்பகலில், அடித்தே கொன்றார்கள். அருகிலேயே படை நின்றது. தடுக்கவில்லை. அரச நிகழ்ச்சியில், அரச உடையில் இருந்த ஒருவரை அரசே காப்பாற்றாத அந்த நாளை எந்தச் சமாதானத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

கூட்டம் அடுத்துத் தேடியது சோஃபியை. வேலைக்காரப் பெண்ணின் உடையில் அவர் நகரைவிட்டுத் தப்பி, நீர்வழியாக வாக்ஸ்ஹோல்ம் கோட்டையை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 53. அரசவை உடையின் ஒவ்வொரு மடிப்புக்கும் பொருள் இருந்த உலகில் வாழ்ந்தவரின் உயிர், அந்த உடையைக் கழற்றியதால் பிழைத்தது. அண்ணனுக்காக அழக்கூட அவகாசமில்லை. கோட்டைக் காவலில் இருந்தபடியே விசாரணையை எதிர்கொண்டார். நவம்பரில் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. அண்ணன் மீதிருந்த பழியும் நீங்கி, அவரை அரச மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

சோஃபி தலைநகரை விட்டு ஒதுங்கி, நோர்ஷொப்பிங் நகருக்கு அருகிலுள்ள லொஃப்ஸ்டாட் மாளிகையில் மீதிக் காலத்தைக் கழித்தார். அங்கே அண்ணனுக்கு ஒரு நினைவுக்கல் எழுப்பினார். ஜூன் 20 என்ற தேதியை அதில் பொறிக்கவைத்து, கடைசி நேரத்தில் அவர் காட்டிய துணிவைச் சான்றாக நிறுத்தினார். கும்பலின் மேல் வசை ஒன்றும் அதில் இல்லை. 1816இல் சோஃபி காலமானார். அந்த மாளிகை இன்று அருங்காட்சியகம். ஸ்வீடன் செல்லும் வாய்ப்புள்ளவர்கள் பார்த்து வாருங்கள்.

நன்றி, வணக்கம்.