கடலுக்குப் போகும் தண்ணீர் வீணா?

(முத்துப்பேட்டைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, வனத்துறை அலுவலர்களே, மீனவர் சங்கப் பொறுப்பாளர்களே, ஜாம்புவானோடையிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, பந்தலில் இடமில்லாமல் வெளியே நிற்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. நான் பேச வைத்திருந்ததில் பாதியைத் தலைவரே பேசிவிட்டார். அவருடைய பாதிக்குத்தான் கைதட்டல் அதிகம்.

கடலோரச் சேற்றில் உப்புநீரில் வளரும் உங்கள் அலையாத்திக்காட்டுக்கு ஆற்றுநீர் ஏன் வேண்டும் என்று பேச வந்தேன். அதற்காக மீன், மண், புயல் என்று மூன்று செய்திகள்.

முதலில் மீன். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு வளர்வது அலையாத்திக்காட்டு ஓடைகளில். உதிர்ந்த இலையை நண்டு கிழிக்கிறது, சேற்றில் மக்கிய மிச்சத்தைத் தின்று இறாலும் மடவையும் வளர்கின்றன, அவற்றைத் தின்னக் கொடுவா வருகிறது. காடு அழிந்தால் கடலில் வலை போடுகிறவனுக்கும் வரவு குறையும்.

மண்ணுக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட தரை தாழ்ந்து தொட்டியானது. கடல் பொங்கும் ஓதத்தில் ஏறிய நீர் வடியாமல் நின்று காய்ந்து உப்பு ஏறியது. அங்கே விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் வந்து வடிந்தது, கன்றும் பிழைத்தது. வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கும் வழக்கம் உங்கள் மீனவர்களிடம் முன்பே உண்டு என்பதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். இந்தக் காட்டுக்கு ஆற்றுநீரை நாம் அளக்கவும் இல்லை, போடவும் இல்லை!

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற பொறியாளர். ‘கடலில் கலக்கும் ஒவ்வொரு சொட்டும் வீண்’ என்பது அவருக்கு வேதவாக்கு. கோரையாற்றில் படகேற்றி அவரை லகூனுக்கு, அதாவது ஆறு கடலைச் சேரும் காயலுக்கு, அழைத்துப் போனேன். வழி நெடுக அணைக்கட்டுக் கணக்கு. படகோட்டிப் பெரியவர் வாய் திறக்கவில்லை. கரை ஒதுங்கியதும், சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களுக்கு நடுவே ஜம்பமாகக் காலை வைத்தார் நண்பர். முழங்கால் வரை சேறு! கால் வந்துவிட்டது, செருப்பு வரவில்லை. அப்போதுதான் பெரியவர் ஓர் அலையாத்தி இலையைப் பறித்து, “நாக்கில் வையுங்கள் ஐயா” என்றார். வைத்தார். முகம் கோணியது. “உப்பு!”

“மரம் குடித்த உப்பை இலை வழியாகத் துப்புகிறது. ஆற்றுத் தண்ணீர் வந்தால் இவ்வளவு துப்ப வேண்டியதில்லை. வீண் என்றீர்களே, அந்தத் தண்ணீர்தான்.”

நண்பர் கரை சேரும் வரை கணக்குச் சொல்லவில்லை. செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆறுகளுக்கு நீர் தரும் மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. அதன் பிறகு மாதக்கணக்கில் இந்தக் காட்டுக்குக் கடல்நீரே கதி. அதனால்தான் உப்பு தாங்கும் அலையாத்தி மரமே இங்கே மிகுதி. பிச்சாவரத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நிற்கும் சுரபுன்னை மரத்தை இங்கே தேடித்தான் பார்க்க வேண்டும். ‘கடைமடை வயலே காய்கிறது, காட்டுக்கு வேறா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆற்றில் ஓட்டம் நின்றால் கடல் உள்ளே ஏறுகிறது, அது உங்கள் கிணற்றுக்கும் வரும். பாமணியாற்றிலும் கோரையாற்றிலும் கோடையில் கொஞ்சமாவது நீர் முகத்துவாரம் வரை போக வேண்டும். எவ்வளவு என்று பாசன அட்டவணையிலேயே எழுதட்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. அளந்துதான் கேட்கிறோம், அள்ளிக் கேட்கவில்லை.

புயலைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். 2018 நவம்பர் 16-இல் கஜா இந்தக் காட்டை என்ன பாடு படுத்தியது என்பதைப் பார்த்தவர்கள் நீங்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

நீர்வளத்துறைக்கான மனு மேடையின் இடப்பக்க மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும் முன் கையெழுத்திடுங்கள், மீனவர்கள் மட்டுமல்ல, விவசாயிகளும். நன்றி, வணக்கம்.