இரண்டரை சென்டிமீட்டர் கைப்பை

நேயர்களுக்கு வணக்கம்.

ஜிப் போன, ஓரம் பிய்ந்த தோல் பர்ஸ் ஒன்று எந்த வீட்டு அலமாரியிலும் கிடக்கும். தூக்கிப்போடவும் மனம் வராது. அதை வெட்டிப் பொம்மை வீட்டுக்குக் கைப்பையும் பெல்ட்டும் செய்யும் ஆள் நான்.

பொம்மை வீடு கட்டுபவர்கள் அதிகம் பின்பற்றும் அளவு பன்னிரண்டில் ஒரு பங்கு. 1 அடி 1 அங்குலமாகிவிடும். 30 சென்டிமீட்டர் கைப்பை இரண்டரை சென்டிமீட்டருக்குச் சுருங்கும். வெட்டுவதில் சிரமமே இல்லை. மாட்டிக்கொள்வது தடிமனில்தான். நிஜப் பையின் தோல் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால், பொம்மைப் பைக்கு அதில் பன்னிரண்டில் ஒன்று, கிட்டத்தட்ட எழுதும் தாளின் கனம்தான் இருக்க வேண்டும். இது தெரியாமல் பர்ஸின் வெளித்தோலை அப்படியே மடித்து ஒட்டித்தான் முதல் பையைச் செய்தேன். வீட்டில் எல்லோரும் அதைச் செங்கல் என்றார்கள்.

அதனால் பர்ஸைப் பிரித்ததும் உள்ளே கார்டு செருகும் அறைகளைப் பாருங்கள். அங்கே தைத்திருப்பது மெல்லிய தோல். பழைய தோல் கையுறை கிடைத்தால் இன்னும் விசேஷம். ஆட்டுத்தோல் என்றால் மேலே உள்ள ரேகையும் பொடியாக இருக்கும். மாட்டுத்தோலின் ரேகை இந்த அளவில் யானைத்தோல் மாதிரி தெரியும்.

அதுவும் போதாது, சீவ வேண்டும். வழவழப்பான பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடித் துண்டின் மேல் தோலை விரித்து, புது பிளேடைப் படுக்கவைத்து, பஞ்சு மாதிரி இருக்கும் அடிப்பக்கத்தைத் துளித்துளியாகச் சுரண்டுங்கள். மடிப்பு வரும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம். அவசரப்பட்டால் ஓட்டை விழும். எனக்கு மூன்றில் ஒன்று இன்றும் விழுகிறது.

வெட்டிய விளிம்பு வெளிறித் தெரியும். அதே நிற மார்க்கரால் ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை போதும், ஆனால் ஊசி முனையில் எடுத்துத் தடவுங்கள். தாராளமாகப் பூசினால் ஊறி, தோல் விறைத்துப்போகும்.

நூலால் தைக்க வேண்டாம். எவ்வளவு மெல்லிய நூலும் இங்கே தாம்புக்கயிறுதான். பழைய கடிகாரத்தின் குட்டிப் பல்சக்கரத்தை ஓரமாக அழுத்தி உருட்டினால் தையல் வரிசை மாதிரியே புள்ளி விழும்.

அப்புறம் பக்கிள். ஸ்டேப்ளர் பின்னை நேராக்கி, சின்ன ஸ்குரூடிரைவரின் தட்டை முனையைச் சுற்றிக் குறடால் வளையுங்கள். மிச்சக் கம்பியை நறுக்கும்போது கண்ணை நோக்கித் தெறிக்கும், கைக்குட்டையால் மூடிக்கொண்டு நறுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பர்ஸ் ரெக்சினாகவும் இருக்கலாம். வெட்டிய ஓரத்தில் நெய்த துணி தெரிந்தால் அது ரெக்சின். பழசானால் மேல்பூச்சு செதில் செதிலாக உதிரும், சீவவும் முடியாது. அதற்குப் பதிலாகப் பழுப்புத் தாளைக் கசக்கி, விரித்து, ஷூ பாலிஷ் தேய்த்துப் பாருங்கள். தாளின் கனம்தானே நமக்கு வேண்டியது? பொம்மை வீட்டுப் பெட்டிகளுக்கு இப்போதெல்லாம் நான் தோலைத் தேடுவதே இல்லை.

வணக்கம்.