கீரிக்கு எந்த மாதம் எலி?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வேளாண் உதவி இயக்குநர் அவர்களே, பொன்னாடை போர்த்திய மகளிர் குழுத் தாய்மார்களே, முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: கீரி எப்போது எதைத் தின்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம், கீரிமுடித் தூரிகை. நடுநடுவே ஒரு பழமொழியும் வரும்: எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

கீரியின் எச்சத்தைக் கையுறை போட்டு எடுத்துக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடித்துவிடும். தேதி, இடம் எழுதிக் காயவைத்து, இரவு முழுக்க நீரில் ஊறவிட்டு, ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் அலசினால் எலிமயிர், ஓணான் செதில், வண்டின் ஓட்டுச்சிறகு, நண்டோடு எல்லாம் தங்கும். மண்புழுவும் முட்டைக் கருவும் தங்காது. ஆகவே மழைக்காலக் கணக்கு எப்போதும் கொஞ்சம் குறைச்சல்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் வண்டு, தவளை, வயல்நண்டு, ஈசல். சம்பா அறுப்பு முடிந்து வயல் வெறிச்சோடியதும் எலி. கோடையில் ஓணான், அரணை, தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, உதிர்ந்த பழம். பாம்பு எப்போதாவதுதான், மகுடிக்காரர் கூடையில்தான் அது அன்றாடம்!

1872-ல் ஜமைக்காவில் எஸ்பியூட் என்ற கரும்புத் தோட்டக்காரர் எலியை ஒழிக்க இந்தியாவிலிருந்து ஒன்பது சிறு கீரிகளை வரவழைத்தார். முதலில் எலி குறைந்தது. ஊரே கொண்டாடியது, பக்கத்துத் தீவுகளும் கேட்டு வாங்கின. 1883-ல் ஜமைக்காக் கீரிகள் ஹவாய்க்கே கப்பலேறின! ஆனால் எலி நடமாடுவது இரவில், கீரி வேட்டைக்குப் போவது பகலில். பகலில் கண்ணில் பட்டவை தரைப்பறவை, பல்லி, முட்டை. அவற்றைத் தின்று தீர்த்தது. எலிக்குப் பயந்து தீவையே கொளுத்தினார்கள்!

கீரி நம் மண்ணுக்கு உரியது. இங்கே அந்தக் கேடு இல்லை. நாம் செய்யும் கேடு வேறு. கீரி எலியை நம்பியிருக்கும் அதே மாதங்களில் புரோமடையலோன் என்ற எலி நஞ்சை வைக்கிறோம். அது இரத்தத்தை உறையவிடாது. தின்ற எலி சாகச் சில நாள் ஆகும். அதுவரை பட்டப்பகலில் தள்ளாடித் திரிவதைக் கீரி லேசாகப் பிடித்துவிடும். நஞ்சு ஈரலில் தங்கும். எலிமேல் எலி தின்னச் சேரும். எலிக்குப் பயந்து, உதவி இயக்குநர் அவர்களே, காவல்காரனையா கொல்வது?

வரப்பை ஒடுக்கிக் கட்டுங்கள், வளை தோண்ட இடம் இருக்காது. புதுமண் தள்ளிய வளையைப் பார்த்து, அதன் வழியில் மாலையில் தஞ்சாவூர்க் கிட்டி, அதாவது மூங்கில் வில்பொறி, வையுங்கள். விடிந்ததும் எடுத்துவிடுங்கள், பகலில் விட்டால் கீரியே மாட்டும். தலைவர் மணியைப் பார்க்கிறார், தூரிகையை இன்னொரு நாள் பேசலாம். கிட்டி கட்டத் தெரிந்த பெரியவர் பந்தலுக்குப் பின்னால் மூங்கிலோடு காத்திருக்கிறார். சாப்பாட்டுக்கு முன் போய்ப் பாருங்கள்.