கலே: கோப்பையை நெருங்கிய நாலாம் டிவிஷன் அணி

(காட்சி: கலே துறைமுகம், இங்கிலாந்துக்குக் கிளம்பும் கப்பல்)

வணக்கம். பிரெஞ்சுக் கால்பந்தில் நாலாம் டிவிஷனில் ஆடும் ஒரு அணி, நாட்டின் சாம்பியனை வீழ்த்த முடியுமா? ஒவ்வொரு டிவிஷனும் தனித்தனியாக ஆடும் லீக்கில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. பிரெஞ்சுக் கோப்பையில் சந்திக்கும். 1917-இல் தொடங்கிய இந்தப் போட்டியில் ஊர்ப்புற கிளப்புகளும் இறங்குகின்றன. யாருக்கு யார் எதிரணி என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். தோற்றால் வெளியே, அவ்வளவுதான்.

1999–2000 சீசனில் இந்த வாசல் வழியாக வந்த அணிதான், வட பிரான்சின் துறைமுக நகரான கலேயின் அணி. லதிஸ்லாஸ் லொசானோ பயிற்சியாளர். ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே பந்து விளையாடிய அமெச்சூர்கள்.

(காட்சி: பெனால்டி புள்ளியில் பந்து)

முதல் பெரிய சோதனை லில். இரண்டாம் டிவிஷனில் அந்த ஆண்டு முதலிடம் பிடித்த அணி. ஆட்டம் 1-1. சமநிலையை உடைக்க இரு அணியும் மாறி மாறி அடிக்கும் பெனால்டியில் 7-6 என்று கலே தப்பியது. அடுத்து குலுக்கல் கை கொடுத்தது: லாங்கோன், இவர்களைப் போலவே அமெச்சூர்கள். அப்புறம் கான், அதுவும் பெனால்டியில்தான் முடிந்தது. லீக்கில் 1-1 என்றால் ஒரு புள்ளியோடு வீட்டுக்குப் போக வேண்டும். இங்கே அதே 1-1, மன உறுதி உள்ளவனுக்கு இன்னொரு வாய்ப்பு.

காலிறுதியில் வந்தது ஸ்ட்ராஸ்பூர், முதல் டிவிஷன் அணி. இந்த முறை பெனால்டி தேவைப்படவில்லை. 2-1.

(காட்சி: லான்ஸ் நகர மைதானம், இரவு வெளிச்சம்)

அரையிறுதிதான் என்னைப் பொறுத்தவரை இந்த சீசனின் உச்சம். எதிரே போர்தோ, 1999-இன் பிரெஞ்சு சாம்பியன். சொந்த மைதானம் சிறியது என்பதால் ஆட்டம் லான்ஸில் நடந்தது. 90 நிமிடம் கோலே இல்லை. கூடுதல் நேரத்தில் கலே ஒரு கோல் போட்டது, போர்தோ சமன் செய்தது. சரி, இனி சாம்பியன் விழித்துக்கொள்ளும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கால்கள் சோர்ந்த அந்தக் கடைசி நிமிடங்களில் கலே இன்னும் இரண்டு கோல் அடித்தது. 3-1! அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

(காட்சி: ஸ்டாத் து பிரான்ஸ், 2000 மே 7)

இறுதிப்போட்டியில் நாந்த். 34-ஆவது நிமிடத்தில் ஜெரோம் துதித்ர் கோல் அடிக்க, இடைவேளையில் முன்னிலையில் இருந்தது கலே. இடைவேளை முடிந்த சற்று நேரத்தில் அந்துவான் சிபியெர்ஸ்கி சமன் செய்தார். 90-ஆவது நிமிடத்தில் நாந்துக்கு ஒரு பெனால்டி. நாந்த் ஆட்டக்காரர் கவெக்லியா விழுந்தது ஃபவுலா இல்லையா என்ற வாதம் பல ஆண்டுகள் ஓடியது. சிபியெர்ஸ்கி தவறவிடவில்லை. 2-1.

(காட்சி: பரிசளிப்பு மேடை, மெதுவாக)

நாந்த் அணித்தலைவர் மிக்கேல் லாந்த்ரோவுக்கு அப்போது 20 வயது. கோப்பையை வாங்கப் போனவர், தோற்ற அணியின் தலைவர் ரெஜினால்ட் பெக்கையும் கூப்பிட்டார். இருவரும் சேர்ந்தே தூக்கினார்கள். இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கலே கிளப் 2017-இல் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. நாலாம் டிவிஷனிலிருந்து பிரெஞ்சுக் கோப்பையின் இறுதிப்போட்டிக்கு வந்த அணி, இன்றுவரை அது ஒன்றுதான்.