பதில் சொல்லும் தூரம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

சிங்கப்பூர்த் தமிழரின் வாழ்வோடு அதிகம் ஒட்டியிருப்பது தமிழகத் திரையா, உள்ளூர் ஊடகமா? இதுதான் தலைப்பு. உள்ளூர் ஊடகமே என்று பேசப் போகிறேன் என வீட்டில் சொன்னதும், "ஐயோ பாவம், தோற்கிற பக்கத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா?" என்று கேட்டார்கள். நடுவர் அவர்களே, போட்டி தொடங்கும் முன்பே நம் வீடுகளில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது!

எதிரணித் தலைவி அழகாகப் பேசினார். "நம் பிள்ளைகள் வாயில் கொஞ்சமாவது தமிழ் ஒட்டியிருக்கிறது என்றால் அது சினிமாப் பாட்டு போட்ட பிச்சை" என்றார். நானும் கைதட்டினேன், பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறதே! சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு. 2020இல் 2.5. அந்தப் பத்தாண்டில்தான் சினிமா கொட்டகையை விட்டிறங்கிக் கைபேசிக்குள் வந்தது. எம்ஆர்டி ரயிலில் படம், சாப்பாட்டு மேசையில் படம், கழிப்பறையில்கூடப் படம். இவ்வளவு ஊட்டியும் தமிழ் ஏன் இளைத்தது? "அந்தப் பத்தாண்டில் உள்ளூர் ஊடகமும் இருந்ததே" என்று மடக்கப் பார்ப்பார்கள். இருந்தது. அதை யாருமே பார்ப்பதில்லை என்று நீங்கள்தானே அம்மா முதலில் சொன்னீர்கள்?

இரண்டாவதாகப் பேசியவர், தமிழ்ப் படத்தில் சிங்கப்பூரே வருகிறதே என்றார். வருகிறது. 1978இல் ‘ப்ரியா’, மறு ஆண்டு ‘நினைத்தாலே இனிக்கும்’, இரண்டுக்கும் இங்கே வந்து படம் பிடித்தார்கள். அந்தக் காலத்துச் சாலைகளைப் பார்ப்பதற்காகவே நானும் போட்டுப் பார்ப்பதுண்டு. ஆனால் கதை யாருடையது? விமானத்தில் வந்து இறங்கியவர்களுடையது. அதற்குப் பிறகும் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. நாயகனும் நாயகியும் மெர்லயன் சிலை முன்னால் ஒரு பாட்டு ஆடுவார்கள், செந்தோசாவில் இன்னொன்று, அப்புறம் கிளம்பிவிடுவார்கள். இல்லையென்றால் பெட்டியும் சென்ட் பாட்டிலுமாகச் சிங்கப்பூர் மாப்பிள்ளை ஒருவர் வருவார். அவர் எந்த புளோக்கில் குடியிருக்கிறார், அரசு கட்டித் தரும் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு எத்தனை வருடம் காத்திருந்தார் என்று எந்த இயக்குநரும் கேட்டதில்லை. மகனைத் தெக்கோங் தீவில் தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பயிற்சிக்கு விட்டுவிட்டுத் திரும்பும் படகில் மூக்கைச் சிந்துகிற அம்மா, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வந்தால் பிள்ளையைவிட அதிகம் காய்ச்சல் காணும் அப்பா, கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணமும் அடுத்த புளோக்கில் சீனர் வீட்டுச் சாவுமாக ஒரே நாளில் இரண்டுக்கும் போய்வரும் நம் பக்கத்து வீட்டுக்காரர், இவர்களெல்லாம் தமிழ் பேசி நான் பார்த்தது உள்ளூர் நாடகத்தில்தான். நாடகம் சில நேரம் இழுவை. ஒப்புக்கொள்கிறேன். மெகா தொடர் பார்க்கிறவர்கள் இழுவையைப் பற்றிப் பேசலாமா என்பதை நடுவர் முடிவு செய்யட்டும்.

இப்போது அரங்கத்துக்கு ஒரு கேள்வி. கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்த முதல் சிங்கப்பூர்ப் படம் எது? 2008இல் வந்த ‘மை மேஜிக்’. எடுத்தவர் எரிக் கூ, ஒரு சீனர். படத்தில் பெரும்பாலும் பேசுவது தமிழ்! நம்மூர்க் குடிகாரத் தகப்பன் ஒருவனும் அவன் மகனும்தான் கதை. பார்த்தவர்கள் கை தூக்குங்கள். சரி, முதல் நாள் முதல் காட்சிக்கு வேலைக்கு மட்டம் போட்டவர்கள்? அடேயப்பா. இந்தக் கைகளை எண்ணித்தான் தீர்ப்பு என்றால் நான் இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் தலைப்பு எது நமக்கு அதிகம் பிடிக்கும் என்பதில்லையே, எது நம் வாழ்வோடு ஒட்டியிருக்கிறது என்பதுதானே?

புகைமூட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2013 ஜூன் 21, பிஎஸ்ஐ என்கிற காற்று மாசுக் குறியீடு 401. ஜன்னலைச் சாத்து, வெளியே போகாதே என்று ஆங்கிலம் தெரியாத நம் பாட்டிகளுக்குத் தமிழில் சொன்னது ஒலி 96.8 வானொலி, வசந்தம் தொலைக்காட்சி, தமிழ் முரசு நாளிதழ். எந்தக் கதாநாயகனும் வந்து சொல்லவில்லை.

இனி நான் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். 2019இல் கைபேசி வழியாகப் பணம் செலுத்தும் மின்னிலக்கச் சேவை ஒன்றின் விளம்பரத்தில், சீன நடிகர் ஒருவர் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு இந்தியர் வேடத்தில் வந்தார். நாம் கொதித்தோம். கொதித்தது சரி. சம்பந்தப்பட்டவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், விளம்பரமும் போனது. அப்படிக் கொதித்த நாமே வீட்டுக்கு வந்து, நாயகனின் நண்பன் கறுப்பாக இருக்கிறான் என்று நாயகன் அடிக்கிற ஜோக்குக்குச் சோபாவில் உருண்டு சிரிக்கிறோம். கறுப்பான பெண்ணைக் காட்டியதும் பயந்து ஓடுகிற காட்சிக்கும் சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம் மகளின் நிறம் என்ன? பள்ளியில் இதே கேலியை வேறு மொழியில் கேட்டுவிட்டு வந்த பிள்ளை அது. இதற்காகக் கோடம்பாக்கம் நம்மிடம் எப்போதாவது மன்னிப்புக் கேட்டதுண்டா? நாம் கேட்கச் சொன்னதுமில்லை. சொன்னாலும் அங்கே யார் காதில் விழும்? இங்கே நடந்தது நம் ஊர் விளம்பரம், கேட்டோம், பதில் வந்தது.

உள்ளூர்க்காரர்கள் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தப்புச் செய்தால் அவர்கள் நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறார்கள். என் பெரியம்மா, உள்ளூர் நாடகத்தில் வில்லியாக நடித்த ஒரு பெண்ணைத் தேக்கா சந்தை மீன் கடையில் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, அந்த மருமகளை இப்படியா படுத்துவே?" என்று ஒரு பிடி. அந்தப் பெண் கையில் வஞ்சிர மீனோடு, "ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க ஆன்ட்டி, திருந்திடுவேன்" என்றார். சொன்னபடி திருந்தவும் செய்தார்.

இந்த வசதி உங்கள் திரையில் உண்டா என்று அடுத்துப் பேச வருகிற எதிரணி அன்பர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.